ஒரு லட்சம் ஹிட்ஸா, எட்டு பேரா? சைட்டுக்கு வர்ற கூட்டத்தை எண்ணத் தெரிஞ்சுக்கோங்க

போன மாசம் ஒரு நாள் ராத்திரி கடை சாத்தினப்புறம் மாமா போன் பண்ணாரு. மாமாவுக்கு வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டுலருந்து உள்ள போற ஒரு சந்துல ரெடிமேட் கடை, பசங்க டிரெஸ்ஸு, நைட்டி, மொத்தமாவும் குடுப்பாரு சில்லறையாவும் குடுப்பாரு. ரெண்டு வருஷம் முன்னாடி யாரோ ஒரு பையன்கிட்ட சொல்லி ஒரு சைட்டு போட்டாரு. "டேய், நம்ம சைட்டுக்கு மாசம் ஒரு லட்சம் ஹிட்ஸ் வருதாம்டா, பேப்பர்ல பிரிண்ட் போட்டு குடுத்துட்டு மெயின்டனன்ஸ் காசை ஏத்திக் கேக்குறான், ஏன்டா லட்சம் பேரு வந்தா பத்து பேராவது போன் பண்ணமாட்டானா, இன்னாடா கணக்கு இது"ன்னு ஒரே பொலம்பல். பேப்பரை போட்டோ எடுத்து அனுப்புங்க மாமான்னேன். பாத்த உடனே சிரிப்பு வந்துடுச்சு, ஆனா அந்தப் பையன் பொய் சொல்லல. லட்சம்ன்றது நெஜமான நம்பர்தான், அது எதை எண்ணின நம்பர்னு மட்டும் அவன் சொல்லல.

சரி, அப்புறம் மாமாகிட்ட நேர்ல ஒக்காந்து சொன்னதை அப்டியே இங்க எழுதுறேன், சொந்தமா சைட்டு வச்சிருக்கிற எல்லாருக்கும் ஒதவும்.

மொதல்ல ஹிட்டுன்னா என்ன. நீங்க ஒரு பேஜைத் தொறந்தா, போன் அந்த சைட்டு இருக்கிற கம்ப்யூட்டர்கிட்ட, அதாவது சர்வர்கிட்ட, ஒரு தடவை மட்டும் கேக்காது. மொதல்ல பேஜைக் கேக்கும், அப்புறம் லோகோவைக் கேக்கும், ஒவ்வொரு போட்டோவையும் தனித்தனியா கேக்கும், எழுத்துக்கு ஃபான்ட்டு, டிசைனுக்கு ஒரு ஃபைலு, ஸ்கிரிப்ட்டு நாலஞ்சு, எல்லாமே தனித்தனி கேள்வி, ஒவ்வொரு கேள்விக்கும் சர்வர் தன்னோட லாக்ல, அதாவது வரவு நோட்டுல, ஒரு லைன் எழுதி வச்சிக்கும். அந்த ஒரு லைன்தான் ஒரு ஹிட்டு. மாமா சைட்டுல மொதல் பேஜ்லயே நைட்டி போட்டோ வரிசையா அடுக்கி வச்சிருக்காங்க, எண்ணிப் பாத்தா ஒரு பேஜ் தொறக்க சுமார் 60 லைன் விழுது. கடைக்கு ஒரு அக்கா வந்து "நைட்டி காட்டுங்க"ன்னு கேட்டா நம்ம பையன் 60 பீஸை எடுத்துக் கவுன்டர்ல கொட்டுவான்ல, ராத்திரி அந்த பீஸையெல்லாம் எண்ணிட்டு இன்னிக்கு 60 கஸ்டமர் வந்தாங்கன்னு சொன்னா நீங்க சும்மா வுடுவீங்களா மாமான்னு கேட்டேன். அப்போதான் அவருக்கு விஷயம் புரிஞ்சுது, அடுத்த ஒரு நிமிஷம் அவர் பேசினதை இங்க எழுத முடியாது.

இதை நீங்களே பாக்கலாம். உங்க சைட்டை வச்சிருக்கிற ஹோஸ்டிங் கம்பெனி சிபேனல்னு ஒரு நிர்வாகப் பக்கம் குடுத்திருந்தா, அதுல பெரும்பாலும் லாக்கை எண்ணிக் காட்டுற ஏடபிள்யூஸ்டாட்ஸ்னு ஒண்ணு இருக்கும், அதைத் தொறங்க. பாக்கவே ரொம்ப பழைய காலத்து டிசைன், ஆனா விஷயம் இருக்கு. மேலயே வரிசையா அஞ்சு நம்பர் இருக்கும்: யுனிக் விசிட்டர்ஸ், நம்பர் ஆஃப் விசிட்ஸ், பேஜஸ், ஹிட்ஸ், பேண்ட்விட்த். இடதுபக்கம் ஆரம்பிச்சு ஹிட்ஸ் வரைக்கும் போகப்போக நம்பர் பெருசாகிட்டே போகும். உங்களுக்கு ரிப்போர்ட் குடுக்கிறவங்க எதைப் புடிச்சிக்கிறாங்கன்னு பாருங்க, நாலாவதைப் புடிச்சிருந்தா கொஞ்சம் உஷாராயிடுங்க. அதுக்குக் கீழயே "நாட் வியூட் டிராஃபிக்"னு ஒரு தனி வரி வரும், அது ரோபோ, வைரஸ் புழு, எரர் ஆனதுன்னு மனுஷன் பாக்காத கணக்கு, அதையும் ஒரு கண்ணு பாத்துக்கோங்க.

இன்னும் தோண்டணும்னா அதே சிபேனல்ல ரா ஆக்சஸ்னு இருக்கும், லாக் ஃபைலையே எறக்கலாம். ஒரு லைனை எப்டி படிக்கிறதுன்னா, ஆரம்பத்துல ஐபி நம்பர், அதாவது வந்தவங்க கனெக்‌ஷனுக்கு நெட்டுல இருக்கிற அட்ரஸ், அப்புறம் தேதி, நேரம், அப்புறம் எந்த ஃபைலைக் கேட்டாங்க, அதுக்கப்புறம் மூணு டிஜிட்ல ஒரு கோட் நம்பர். 200னா குடுத்தாச்சு, 404னா அப்டி ஒண்ணு இல்லவே இல்ல, 301னா வேற எடத்துக்கு மாத்திவிட்டாச்சு, 304னா "உன் போன்ல ஏற்கெனவே இருக்கிறதே போதும்"னு அர்த்தம். அப்புறம் எத்தினி பைட்டு போச்சு, எந்த பேஜ்லருந்து வந்தாங்கன்ற ரெஃபரர், கடைசியா எந்த பிரவுசர்னு சொல்ற யூசர் ஏஜென்ட். இந்த ரெஃபரர்க்கு இங்கிலீஷ்ல ஸ்பெல்லிங் பாத்தீங்கன்னா ஒரு 'ஆர்' கம்மியா இருக்கும், 90கள்ல ஸ்டாண்டர்டு எழுதினவங்க பண்ண எழுத்துப்பிழை, யாரும் திருத்தல, இன்னி வரைக்கும் மொத்த இன்டர்நெட்டும் அந்த தப்போடதான் ஓடிட்டிருக்கு. நம்ம போர்டு பெயின்டர் பண்ணாத தப்பில்ல போங்க.

லாக்கைப் பாத்தா மொதல்ல அதிர்ச்சியாவீங்க, ஏன்னா பாதி மனுஷங்களே இல்ல, தானா சைட்டு சைட்டா சுத்துற புரோகிராமுங்க, பாட்னு சொல்வாங்க. கூகுள்பாட் வரும், பிங்பாட் வரும், இப்போ ஏஐ கம்பெனிக்காரங்க பாட் வேற வரிசைல நிக்குது, அது போக உங்க சைட்டு வேர்ட்பிரஸ்ன்ற சாஃப்ட்வேர்ல கட்டினதே இல்லன்னாலும் வேர்ட்பிரஸ் லாகின் பேஜ் இருக்கானு எவனோ எங்கிருந்தோ வந்து கதவைத் தட்டிப் பாத்துட்டுப் போவான், அதெல்லாம் 404னு வரிசையா விழும். வாட்ஸ்ஆப்ல யாராவது லிங்க்கை ஒட்டினா சின்ன போட்டோவோட பிரிவியூ வருதுல்ல, அதுக்கும் வாட்ஸ்ஆப்ன்ற பேர்லயே லாக்ல லைன் விழும், லிங்க்கை யாரும் தொடலைன்னாலும். மாமா சைட்டுல இன்னொரு கூத்து, சைட்டு ஓடுதா நின்னுடுச்சான்னு செக் பண்ற ஒரு சர்வீஸை அந்தப் பையனே போட்டு வச்சிருக்கான், 5 நிமிஷத்துக்கு ஒரு தட்டு. ஒரு நாளைக்கு 288, மாசத்துக்கு 8,640. அதுவும் அந்த லட்சத்துல சேத்திதான்.

கழிச்சுப் பாத்தோம், பில் புக்கு பின்னாடியே பேனாவுல எழுதி. லட்சத்துல பாட்ஸ், கதவைத் தட்டினவன், செக் பண்றவன் எல்லாத்தையும் தள்ளினா சுமார் 60,000 மிச்சம். பேஜுக்கு 60ன்னா 1,000 பேஜ் வியூ. வந்தவங்க ஆளுக்கு நாலு பேஜ் பாக்குறாங்கன்னு வச்சா 250 விசிட்டு. 30ஆல வகுத்தா ஒரு நாளைக்கு எட்டு. ஒரு தடவை வந்த போன் லோகோவை எடுத்து வச்சிக்கும், மறுபடி கேக்காது, அதனால இது கரெக்டான கணக்கு இல்ல, குத்துமதிப்புதான், கொஞ்சம் கூடவே இருக்கலாம். ஆனா லட்சம் எங்க, எட்டு எங்க. "அந்த எட்டுல ரெண்டு நான்தான்டா, காலைல ஒரு தடவ ராத்திரி ஒரு தடவ பாப்பேன்"னு மாமா மெதுவா சொன்னாரு.

இப்போ ஒரு கேள்வி வரும், ஐபி நம்பர் இருக்குல்ல, அதை வச்சே எத்தினி ஆளுன்னு எண்ணிடலாமேன்னு. ஏடபிள்யூஸ்டாட்ஸ் அப்டித்தான் எண்ணுது, ஆனா அது சரியா வராது. மொபைல் நெட்டுல கம்பெனிக்காரன் ஒரே ஐபியை நெறைய பேருக்குப் பங்கு போட்டுக் குடுக்கிறான், கொருக்குப்பேட்டைல ஒருத்தரும் எண்ணூர்ல ஒருத்தரும் ஒரே ஐபில வருவாங்க, கணக்குல ஒரே ஆளு. அதே சமயம் நீங்க வீட்டு வைஃபைல பாத்துட்டு, தண்டையார்பேட்டை மெட்ரோல ஏறி மொபைல் டேட்டால பாத்தா ரெண்டு ஐபி, ரெண்டு ஆளு. சந்துல இருக்கிற மொத்த வீட்டுக்கும் ஒரே டோர் நம்பர்னா போஸ்ட்மேன் என்ன பண்ணுவாரு, அந்த நெலமைதான்.

அதுக்குத்தான் குக்கி. 1994ல நெட்ஸ்கேப்ல வேலை பாத்த லூ மான்டுலி கண்டுபுடிச்சது. உங்க பிரவுசர்ல ஒரு சின்ன சீட்டு வச்சிடுவாங்க, அதுல ஒரு நம்பர், அடுத்த தடவை வரும்போது அந்த சீட்டைக் காட்டினா "ஓ நீயா"ன்னு தெரிஞ்சுக்கும். சைட்டுக்கு வர்றவங்களை எண்ணுற கூகுளோட டூலு, கூகுள் அனலிட்டிக்ஸ், வேலை செய்றது இதை வச்சுதான். சர்வர் லாக்கை அது பாக்காது, பேஜுக்குள்ள நீங்க ஒட்டி வைக்கிற ஒரு சின்ன ஸ்கிரிப்ட்டு பிரவுசர்ல ஓடி கூகுளுக்கு சேதி அனுப்பும். ஸ்கிரிப்ட் ஓட்டத் தெரியாத சாதாரண பாட்ஸெல்லாம் இதனாலயே கழண்டுடும், தெரிஞ்ச பாட் லிஸ்ட்டை கூகுளும் தானா தள்ளிடும். அதே காரணத்துக்காக, ஆட் பிளாக்கர் போட்டவங்க, பிரேவ் பிரவுசர்ல வர்றவங்க நெஜ மனுஷங்களா இருந்தும் கணக்குல வராம போயிடுவாங்க. ஆக லாக்ல அதிகமா எண்ணுவான், அனலிட்டிக்ஸ்ல கம்மியா எண்ணுவான், நெஜம் நடுவுல எங்கியோ இருக்கு.

போடுறது ஈஸி. அனலிட்டிக்ஸ்ல அக்கவுன்ட் தொறந்து, டேட்டா ஸ்ட்ரீம்ல உங்க சைட்டு அட்ரஸ் குடுத்தா ஜி-ன்ற எழுத்துல ஆரம்பிக்கிற ஒரு ஐடி வரும், அதோட வர்ற ஸ்கிரிப்ட்டை எல்லா பேஜ்லயும் போடணும். எல்லா பேஜ்லயும்ன்றதை அண்டர்லைன் பண்ணிக்கோங்க. அதே மாதிரி ஒரே பேஜ்ல ரெண்டு தடவை போட்டுடாதீங்க, தீம்ல ஒண்ணு, பிளகின்ல ஒண்ணுன்னு போட்டா பேஜ் வியூ எல்லாம் டபுளாயிடும், வியாபாரம் ரெட்டிப்பாச்சுன்னு நெனச்சு ஸ்வீட்டு குடுத்துடுவீங்க. போட்டதும் உங்க போன்ல சைட்டைத் தொறந்துட்டு ரியல்டைம்னு இருக்கிற பக்கத்தைப் பாருங்க, கடைசி 30 நிமிஷத்துல வந்தவங்களைக் காட்டும், நீங்க தெரிஞ்சா வேலை செய்யுது. மத்த ரிப்போர்ட்டெல்லாம் முழுசா சேர ஒண்ணு ரெண்டு நாள் ஆகும், இன்னிக்கு நம்பரை இன்னிக்கே பாத்து மண்டையை ஒடச்சிக்காதீங்க.

அப்புறம் டைம் ஜோன். இதை மறக்கவே மறக்காதீங்க, மாமா சைட்டுலயே மாட்டினது இதுதான். லாக்கைப் பாத்தப்புறம் பாத்தா பையன் ஏற்கெனவே அனலிட்டிக்ஸும் போட்டுதான் வச்சிருக்கான், ஆனா டைம் ஜோன் அமெரிக்காவுல லாஸ் ஏஞ்சல்ஸ்லயே கெடக்கு. ரிப்போர்ட்ல காலைல 8 மணி 9 மணிக்குதான் கூட்டம் அதிகம்னு காட்டுது, அந்நேரத்துல நம்மூர்ல தண்ணி புடிக்கிறதுக்கும் புள்ளைங்களை ஸ்கூலுக்கு அனுப்புறதுக்குமே நேரம் பத்தாது, யாரு நைட்டி பாப்பா. நமக்கும் அவங்களுக்கும் சீசனைப் பொறுத்து பன்னண்டரை மணியோ பதிமூணரை மணியோ வித்தியாசம். மாத்திப் பாத்தா ராத்திரி ஒம்பதரை. சாப்ட்டுட்டு போனோட படுத்திருக்கிற நேரம். அட்மின்ல ப்ராப்பர்ட்டி செட்டிங்ல இந்தியான்னு மாத்துங்க, மாத்தினதுலருந்துதான் சரியாகும், பழசு மாறாது. அங்கயே டேட்டா ரிடென்ஷன்னு, டேட்டாவை எவ்ளோ நாள் வச்சிருக்கணும்ன்ற செட்டிங், ரெண்டு மாசத்துல நிக்கும், அதை 14 மாசமா ஏத்திடுங்க, இல்லன்னா போன தீபாவளியையும் இந்த தீபாவளியையும் வச்சு உள்ள பூந்து ஒப்பிட முடியாது.

இப்போ வார்த்தைங்க. யூசர்னா ஆளு இல்ல, ஒரு பிரவுசர்ல இருக்கிற ஒரு குக்கி. ஒரே பொண்ணு இன்ஸ்டாவுக்குள்ளயே லிங்க்கைத் தொறந்து பாத்துட்டு, அப்புறம் குரோம்ல வந்து பாத்தா ரெண்டு யூசர், ராத்திரி அண்ணன் லேப்டாப்ல பாத்தா மூணு. ஐபோன்ல சஃபாரி வேற இந்த மாதிரி ஸ்கிரிப்ட் வச்ச குக்கியை ஏழு நாள்ல அழிச்சிடும், பத்து நாள் கழிச்சு வந்தா புது ஆளு. திருப்பி, வீட்டுல அம்மா, பொண்ணு, மருமக மூணு பேரும் ஒரே போன்ல பாத்தா ஒரே யூசர். அதனால "500 யூசர்"னா 500 தலைன்னு நெனைக்காதீங்க.

செஷன்னா ஒரு தடவை வந்து போறது. கடை வாசல்ல ஸ்டூல் போட்டு ஒரு வாட்ச்மேன் ஒக்காந்து எண்ணுறாருன்னு வைங்க, ஒரு அம்மா வெளிய போய் டீ குடிச்சிட்டு அரை மணிக்குள்ள திரும்பி வந்தா பழைய ஆளுதான்னு விட்டுடுவாரு, அரை மணி தாண்டிட்டா புதுசா ஒரு கோடு போடுவாரு. கூகுள்ல அந்த அரை மணிதான் வழக்கம், ஏடபிள்யூஸ்டாட்ஸ்ல ஒரு மணி நேரம். ரெண்டு டூலும் ஒரே சைட்டுக்கு வேற வேற நம்பர் காட்ட இது ஒண்ணே போதும். பேஜ் வியூன்னா பேஜ் எத்தினி தடவை தொறந்துச்சு, அவ்ளோதான், ஒரே ஆளு பத்து தடவை ரெஃப்ரெஷ் பண்ணாலும் பத்து.

என்கேஜ்டு செஷன்னு ஒண்ணு வரும், 10 செகண்டுக்கு மேல இருந்திருக்கணும், இல்ல ரெண்டு பேஜாவது பாத்திருக்கணும், இல்ல நீங்க முக்கியம்னு குறிச்சு வச்ச காரியம் ஏதாவது பண்ணியிருக்கணும். மூணுல ஒண்ணு இருந்தா போதும். எதுவுமே இல்லன்னா அது பவுன்ஸ். பழைய அனலிட்டிக்ஸ்ல பவுன்ஸுக்கு அர்த்தமே வேற, ஒரே பேஜ் பாத்துட்டு போனாலே பவுன்ஸ், பத்து நிமிஷம் படிச்சிருந்தாலும் சரி. அந்தப் பழசு 2023 ஜூலை 1ஆம் தேதியோட எண்ணுறதை நிறுத்திடுச்சு. அதனால யூடியூப்ல பழைய வீடியோ பாத்துட்டு "எனக்கு பவுன்ஸ் ரேட் கொறஞ்சுடுச்சு"ன்னு குதிக்காதீங்க, அளவுகோலே மாறிடுச்சு.

எங்கிருந்து வர்றாங்கன்றது இன்னும் முக்கியம், இதுலதான் நம்மூர் கடைக்காரங்க எல்லாரும் ஏமாறுறாங்க. மாமா சைட்டுல முக்காவாசி "டைரக்ட்"னு காட்டுச்சு. அட்ரஸை டைப் பண்ணி வர்றாங்கன்னு அர்த்தமா? மாமா கடைப் பேரை இங்கிலீஷ்ல டைப் பண்ண எனக்கே மூணு தடவை ஆகும். டைரக்ட்னா "எங்கிருந்து வந்தாங்கன்னு எனக்குத் தெரியல"ன்னு கூகுள் கையை விரிக்கிறது, அவ்ளோதான். வாட்ஸ்ஆப்ல லிங்க்கைத் தொட்டு வந்தா ரெஃபரர் வராது, பெரும்பாலும் டைரக்ட்லதான் போய் விழும். அத்தை தெனமும் ஸ்டேட்டஸ்ல புது மாடல் போட்டு லிங்க் வைப்பாங்க, அந்தக் கூட்டம் முழுக்க இங்கதான் ஒளிஞ்சிருக்கு.

இதைப் புடிக்க லிங்க்குக்கு வால் ஒட்டணும். யூடிஎம்னு சொல்வாங்க, அர்ச்சின்னு ஒரு கம்பெனி, அதை கூகுள் 2005ல வாங்கிதான் அனலிட்டிக்ஸையே ஆரம்பிச்சாங்க, அந்த அர்ச்சின் பேருதான் யூவா நிக்குது. லிங்க் முடிஞ்சதும் ஒரு கேள்விக்குறி, அப்புறம் சோர்ஸ், மீடியம், கேம்பெய்ன்னு மூணு விஷயம். கையால எழுத வேணாம், கூகுளோட கேம்பெய்ன் யூஆர்எல் பில்டர் இருக்கு, கட்டத்துல போட்டா லிங்க் ரெடியாயி வரும். அத்தை ஸ்டேட்டஸுக்கு ஒரு லிங்க், மொத்த வியாபாரிங்க குரூப்புக்கு ஒரு லிங்க், இன்ஸ்டா பயோக்கு ஒண்ணு, கட்டைப்பைல பிரிண்ட் பண்ற க்யூஆர் கோடுக்கு தனியா ஒண்ணு. இங்கிலீஷ்ல எழுதும்போது சின்ன எழுத்துலயே எழுதுங்க, ஒரு தடவை பெரிய எழுத்து ஒரு தடவை சின்ன எழுத்துன்னு போட்டா ரெண்டும் ரெண்டு வரியா பிரிஞ்சிடும். உங்க சைட்டுக்குள்ளயே ஒரு பேஜ்லருந்து இன்னொரு பேஜுக்குப் போற லிங்க்ல இதை ஒட்டிடாதீங்க, எங்கிருந்து வந்தாங்கன்ற கணக்கே கொழம்பிடும். இன்னொண்ணு, கஸ்டமர் போன் நம்பர், பேரு எதுவும் லிங்க்குக்குள்ள வராம பாத்துக்கோங்க. சில ஃபார்ம் அனுப்பினதும் அட்ரஸ் பார்ல நம்பரோட வந்து நிக்கும், அது அப்டியே அனலிட்டிக்ஸுக்குப் போகும், கூகுளே அதை அனுமதிக்கிறதில்ல, நம்ம கஸ்டமருக்கும் அது நல்லதில்ல.

அடுத்தது, நம்பர் ஒத்துப்போகலைன்னு வர்ற சண்டை. சைட்டுக்கு முன்னாடி காவலுக்கு நிக்கிற கிளவுட்ஃபிளேர்ன்ற சர்வீஸைப் போட்டிருந்தா அங்க யுனிக் விசிட்டர்ஸ் எக்கச்சக்கமா காட்டும், அது ஐபியை எண்ணுது, பாட்ஸும் சேத்தி. கூகுளோட இன்னொரு டூலான சர்ச் கன்சோல்ல காட்டுறது கூகுள் தேடல்லருந்து வந்த கிளிக்கு மட்டும், அதுவும் அமெரிக்க பசிபிக் நேரப்படி நாள் பிரிக்கும். அதுல இம்ப்ரெஷன்னு வர்றது தேடும்போது உங்க பேரு லிஸ்ட்ல வந்துச்சுன்றதுதான், கடைக்கு யாரும் வரல, ரோட்டுல போறவன் போர்டை பாத்த கணக்கு. ஒண்ணை ஒண்ணோட ஒட்ட வைக்கப் பாக்காதீங்க, ஒரு டூலைப் புடிங்க, அதுலயே போன மாசத்தையும் இந்த மாசத்தையும் வச்சுப் பாருங்க. தப்பு இருந்தாலும் ரெண்டு மாசமும் ஒரே மாதிரி தப்பா இருக்கும், ஏறுதா எறங்குதான்னு தெரிஞ்சுடும்.

அடுத்த கடைக்காரன் சைட்டுக்கு எத்தினி பேரு வர்றாங்கன்னு பாக்க ஆசைப்பட்டா, சிமிலர்வெப் மாதிரி சைட்டுங்க சொல்றது அனுமானம்தான். பெரிய சைட்டுக்கு ஓரளவு திசை தெரியும், நம்ம சந்துக் கடைக்கெல்லாம் நம்பாதீங்க. முன்னாடி எல்லாரும் காலரைத் தூக்கிக் காட்டின, சைட்டுங்களுக்கு கூட்டத்தை வச்சு ரேங்க் போட்ட அலெக்சா ரேங்க்கு 2022 மே மாசத்தோட மூடிட்டாங்க, இப்பவும் யாராவது அதைக் காட்டி காசு கேட்டா டீ வாங்கிக் குடுத்து அனுப்பிடுங்க.

மாமாவுக்குக் கடைசில நான் செட் பண்ணிக் குடுத்தது ஒண்ணே ஒண்ணு. பேஜ்ல வாட்ஸ்ஆப் பட்டன் இருக்குல்ல, அதைத் தொட்டா வெளி லிங்க்குன்னு அனலிட்டிக்ஸ் தானாவே குறிச்சிக்கும், அதுலருந்து வாட்ஸ்ஆப்புக்குப் போறதை மட்டும் தனி ஈவென்ட்டா பிரிச்சு முக்கிய ஈவென்ட்டுன்னு குறிச்சு வச்சேன். போன் பண்ற பட்டன் தானா வராது, அதுக்கு கூகுளோட டேக் மேனேஜர்ன்ற டூல்ல தனியா சொல்லணும், அரை மணி நேர வேலை. இப்போ வாரா வாரம் பாக்குறது ரெண்டே வரி, எந்த வால் வச்ச லிங்க்லருந்து எத்தினி செஷன், அதுல எத்தினி பேரு வாட்ஸ்ஆப்பைத் தொட்டாங்க. ரெண்டு வாரம் பாத்ததுல அத்தை ஸ்டேட்டஸ்தான் மேல நிக்குது, கட்டைப்பை க்யூஆர் ரெண்டாவது, காசு குடுத்துப் போட்ட விளம்பரம் எங்கியோ கீழ. அத்தைக்கு இது தெரிஞ்சதுலருந்து வீட்டுல அவங்க குரல் கொஞ்சம் தூக்கலாவே இருக்கு.

நாமே பாக்குற கணக்கைக் கழிக்க டேட்டா ஸ்ட்ரீமுக்குள்ள இன்டர்னல் டிராஃபிக்னு ஒரு எடம் இருக்கு, கடை வைஃபையோட ஐபியை அங்க போட்டு, அப்புறம் டேட்டா ஃபில்டர்ஸ்ல போய் டெஸ்ட்டிங்லருந்து ஆக்டிவ்னு மாத்தணும், இந்த ரெண்டாவது வேலையை முக்காவாசி பேரு மறந்துடுவாங்க. வைஃபை ஐபி மாறாம இருந்தாதான் இது நிக்கும், மொபைல் டேட்டால போனா மாட்டாது. அதுதான் இப்போ பிரச்சினை. தெனம் காலைல ஏழு மணிக்கு மாமா போன் பண்றாரு, "டேய், ரியல்டைம்ல ஒருத்தன் இருக்கான்டா, மெட்ராஸ்னே காட்டுது, ரொம்ப நேரமா போகாம பாத்துட்டே இருக்கான்." மாமா, நீங்க வைஃபையை ஆஃப் பண்ணியிருக்கீங்களான்னு கேப்பேன். கொஞ்ச நேரம் சத்தமே வராது.